ட்ரோன் பேட்டரி செல்போன் பேட்டரி அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி, கல்லூரி மாணவர்கள் தாங்களே செய்த ட்ரோனைக் கையில் பிடித்தபடி நிற்கும் படங்கள் உங்கள் மாவட்டப் பக்கத்தில் அடிக்கடி வருகின்றன. பார்க்க மகிழ்ச்சியாக இருக்கிறது. திருச்சியில் ரிமோட் கார், ட்ரோன் பழுதுபார்க்கும் சிறிய கடை வைத்திருக்கிறேன். இப்படிப்பட்ட பிள்ளைகள்தான் என் வாடிக்கையாளர்கள். பேட்டரியை எங்கே வைத்து சார்ஜ் போடுகிறாய் என்று அவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது: "கட்டில் பக்கத்துலதான் அண்ணா, போன் சார்ஜ் போடுற எடத்துலயே." அதனால்தான் இந்தக் கடிதம்.

செல்போன் பேட்டரிக்குள் சின்னதாக ஒரு பாதுகாப்பு சர்க்யூட் இருக்கிறது. வோல்டேஜ் எல்லை தாண்டினால் அதுவே இணைப்பைத் துண்டித்துவிடும். கடையில் முழுதாக வாங்கும் கேமரா ட்ரோன்களின் பேட்டரியிலும் பெரும்பாலும் அது உண்டு. மாணவர்கள் தாங்களே கோர்த்துச் செய்யும் ட்ரோனுக்கு வாங்குகிற லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியில் அது கிடையாது. எடை குறைய வேண்டும், மோட்டார் கேட்ட நொடியில் பல பத்து ஆம்பியர் கொடுக்க வேண்டும் என்பதற்காக, வெறும் செல்களை, அதாவது தனித்தனி மின்கலங்களை, அடுக்கி மேலே ஒரு பிளாஸ்டிக் உறை சுற்றித் தருகிறார்கள். அதற்குக் காவல் என்றால் வெளியே இருக்கும் சார்ஜரும், அதை மாட்டுகிற ஆளும்தான்.

2021 ட்ரோன் விதிகளின்படி, 250 கிராமுக்கு உட்பட்ட நானோ ட்ரோனுக்கும், வணிக நோக்கமில்லாமல் பறக்கவிடும் 2 கிலோ வரையிலான மைக்ரோ ட்ரோனுக்கும் ரிமோட் பைலட் சான்றிதழ் தேவையில்லை. நல்ல விதிதான், ஆர்வமுள்ள பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்துவிட்டது. ஆனால் அவர்கள் எந்தப் பயிற்சி வகுப்பிலும் உட்காராமலே இந்தப் பேட்டரியைக் கையில் எடுக்கிறார்கள். உடன் வரும் தாள் ஆங்கிலத்திலும் சீன மொழியிலும் பொடி எழுத்தில் இருக்கிறது.

சமீபத்தில் பாலிடெக்னிக் மாணவர் ஒருவர் மூன்று செல் பேட்டரி ஒன்றைக் கொண்டுவந்தார். ட்ரோன் மரத்தில் மோதி விழுந்ததாம். "பேட்டரி நல்லாத்தான் இருக்கு, பறக்குற நேரம் மட்டும் கம்மியாயிருச்சு" என்றார். மேசைக் கண்ணாடிமேல் படுக்கவைத்தேன். ஒரு ஓரத்தை விரலால் தொட்டால் மறு ஓரம் எழும்பியது. நடுவில் லேசாக உப்பியிருக்கிறது என்று அர்த்தம். ஒரு மூலை நசுங்கியிருந்தது. கசிவு வாடை ஏதும் இல்லை. நெயில் பாலிஷ் மாதிரி இனிப்பான வாடை வந்தால் அந்த பேட்டரியை வீட்டுக்குள்ளேயே கொண்டுபோகக் கூடாது. அப்புறம் மல்டிமீட்டரை எடுத்து, ஒவ்வொரு செல்லின் வோல்டேஜையும் தனியாகக் காட்டும் வெள்ளை நிறச் சின்ன பேலன்ஸ் பிளக்கில் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். 3.82, 3.81, மூன்றாவது 3.34.

இந்த இடத்தில்தான் ஏமாந்துபோவோம். மூன்றையும் கூட்டினால் 10.97 வோல்ட். மூன்று செல் பேட்டரியின் மேலே அச்சடித்திருப்பதே 11.1 என்பதால், பறந்து களைத்த பேட்டரிதானே என்று சார்ஜரில் மாட்டிவிடத் தோன்றும். அந்த பேலன்ஸ் பிளக் ஒயரை மாட்டாமல், பேட்டரியின் தடித்த முக்கிய ஒயரை மட்டும் மாட்டினால், சார்ஜருக்கு மொத்தம் மட்டுமே தெரியும். 12.6 வோல்ட் வரும்வரை ஏற்றிக்கொண்டே போகும். அதற்குள் பலவீனமான செல் 3.9தான் எட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மற்ற இரண்டும் 4.35க்குப் போயிருக்கும். சாதாரண லிப்போ செல்லின் மேல்எல்லை 4.2. அதைத் தாண்டினால் உள்ளே இருக்கும் எலக்ட்ரோலைட் சிதைந்து வாயு உண்டாகும், சூடேறும். சூடு ஏற ஏறச் சிதைவு கூடும், சிதைவு கூடக் கூடச் சூடு ஏறும். ஒரு கட்டத்துக்குமேல் சார்ஜரைப் பிடுங்கினாலும் நிற்காது. எலக்ட்ரோலைட்டே எரியக்கூடிய திரவம் என்பதால் புகை தீயாக மாற அதிக நேரம் ஆகாது.

அந்தப் பேட்டரியை இனி பயன்படுத்த வேண்டாம் என்று சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது. ஒரு பேட்டரியின் விலை மாணவருக்குச் சின்னத் தொகை அல்ல. உப்பிய பேட்டரியை இன்னும் நாலு தடவை ஓட்டிப் பார்க்கலாம் என்று பிள்ளைகள் நினைப்பது அலட்சியத்தால் அல்ல, பணத்தட்டுப்பாட்டால்தான். பெற்றோர் இதைப் புரிந்துகொண்டு, ட்ரோனுக்குப் பணம் கொடுக்கும்போதே, ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகக் கவனித்து ஏற்றும் நல்ல பேலன்ஸ் சார்ஜருக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். முதல் செலவு அதுவாக இருந்தாலும் தப்பில்லை.

சார்ஜ் போடும்போது சார்ஜர் திரையில் பேட்டரி வகை, செல் எண்ணிக்கை, கரன்ட் மூன்றையும் ஒவ்வொரு தடவையும் பார்க்க வேண்டும். நேற்று சரியாக இருந்தது என்று விடக் கூடாது, நடுவில் நண்பர் ஒருவர் தன் பேட்டரிக்காக மாற்றி வைத்திருக்கலாம். ஹைவோல்டேஜ் லிப்போவுக்கான 4.35 வோல்ட் அமைப்பைச் சாதாரண லிப்போவுக்கு வைத்தால் மேலே சொன்ன அதே ஆபத்துதான். 1500 எம்ஏஎச் கொள்ளளவுள்ள பேட்டரிக்கு 1.5 ஆம்பியர், 2200க்கு 2.2, அதற்குமேல் அவசரம் வேண்டாம். பறந்து இறங்கிய பேட்டரி கைக்குச் சூடாக இருந்தால் ஆறவிட்டுத்தான் மாட்ட வேண்டும். நம் ஊர் சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள்ளும் பைக் பெட்டிக்குள்ளும் பேட்டரியை விட்டுவைப்பதும் கூடாது. சில நாள் பறக்கப்போவதில்லை என்றால் முழு சார்ஜில் வைக்காமல், சார்ஜரின் ஸ்டோரேஜ் அமைப்பில் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைத்தால் ஆயுளும் கூடும், ஆபத்தும் குறையும்.

இடம் வெறும் தரையாக இருக்கட்டும். மெத்தை, திரைச்சீலை, புத்தக அலமாரி பக்கத்தில் வேண்டாம். சார்ஜ் முடியும்வரை விழித்திருக்கும் ஆள் ஒருவர் அந்த அறையில் இருக்க வேண்டும். கல்லூரி ட்ரோன் குழுக்கள் இதற்கென்று ஓர் இடத்தை ஒதுக்கி, பக்கத்தில் மணல் வாளி வைக்கப் பெரிய செலவாகாது. விழுந்து அடிபட்ட பேட்டரி உடனே பற்றாமல் வெகுநேரம் கழித்தும் பற்றலாம். அதை மாணவர் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவதை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது. வெளியே மணலில் வைத்துக் கவனிக்க வேண்டும். வீட்டில் புகைய ஆரம்பித்தால் கையில் தூக்கிக்கொண்டு ஓடாமல், முடிந்தால் மெயின் சுவிட்சை அணைத்து, எல்லோரும் வெளியேறி 101ஐ அழைக்க வேண்டும். அந்தப் புகையில் ஹைட்ரஜன் ஃபுளூரைடு இருக்கும், சுவாசிக்கக் கூடாது.

கடைசியாக, மாநகராட்சி அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள். உப்பிய பேட்டரியைப் பலர் குப்பைத் தொட்டியில் போடுகிறார்கள். குப்பையை அழுத்தும் லாரிக்குள் அது நசுங்கினால் பக்கத்தில் நிற்கும் தூய்மைப் பணியாளருக்குத்தான் ஆபத்து. உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டால் போதும் என்று சொல்வார்கள். அதில் முனைகள் அரித்துப்போய், உள்ளே சார்ஜ் அப்படியே தங்கிவிட வாய்ப்புண்டு. 2022 பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் பேட்டரியை மற்ற குப்பையிலிருந்து பிரித்துக் கொடுக்கச் சொல்கின்றன. எங்கே கொடுப்பது என்று வாடிக்கையாளர் கேட்டால், பக்கத்திலேயே இருக்கிறது என்று கைகாட்ட என்னிடம் ஓர் இடம் இல்லை. வார்டு அலுவலகம்தோறும் ஓர் இரும்புப் பெட்டியும், முனைகளில் டேப் ஒட்டித் தரவும் என்ற தமிழ் அறிவிப்பும் வைத்தால், அதை என் கடை வாசலிலும் எழுதி ஒட்டத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ட்ரோன் பழுதுபார்ப்பவர்,
திருச்சி