மண்டலத்தின் பயன் பட்டறைகளுக்கும் சேரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஏற்றுமதியை ஊக்குவிக்க வரிச்சலுகையுடன் 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த சிறப்புப் பொருளாதார மண்டலங்களுக்கு அனுப்பப்படும் உதிரிபாகங்களுக்கு ஜி.எஸ்.டி. பூஜ்ய வரி என்பது, எங்கள் வட்டாரத்தின் விச்சூர், கத்திவாக்கம் தொழிற்பேட்டைகளின் சிறு பட்டறைகளுக்கும் நல்வாய்ப்பாகவே தோன்றும். ஆனால், மூலப்பொருளுக்குச் செலுத்திய வரி திரும்ப வரும்வரை தொழிலை அன்றாடம் நடத்தத் தேவையான நடைமுறை மூலதனம் முடங்குகிறது. லேத், வெல்டிங் வேலை தெரிந்த தொழிலாளர்களோ கூடுதல் ஊதியம் தரும் பெரிய ஆலைகளை நாடுகின்றனர், அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. சிறு நிறுவனங்களிடம் வாங்குவோர் அதிகபட்சம் 45 நாள்களுக்குள் பணம் தர வேண்டும் என்னும் 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்துவதோடு, சலுகை பெறும் மண்டல நிறுவனங்கள் சுற்றுவட்டாரச் சிறு தொழில்களிடம் எவ்வளவு கொள்முதல் செய்கின்றன என்பதையும் அரசு ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர், மணலி புதுநகர், சென்னை.