சடைநாயும் மாட்டு ஊசியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

சடைநாய் வளர்ப்புப் பற்றிக் கடந்த வாரம் தங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரை நல்ல நோக்கத்தோடு எழுதப்பட்டதுதான். ஆனால் அதிலுள்ள இரண்டு யோசனைகள் வன்னியில் கொலி நாய் வளர்ப்பவர்களை வில்லங்கத்தில் மாட்டிவிடும். கோடைக்கு மொட்டை வழிக்கச் சொன்னது ஒன்று. உண்ணிக்கு மாட்டு ஊசி போடச் சொன்னது மற்றது.

கொலி, ஸ்கொட்லாந்தில் செம்மறி மேய்த்த இனம். மேலே நீண்ட முரட்டு மயிர், அடியில் பஞ்சு போன்ற குறுமயிர் என்று இரண்டு அடுக்கு. மேல்மயிர் வெயில் தோலில் விழாமல் மறைக்கிறது. வெக்கையை அடைத்து வைப்பது, உதிர்ந்தும் வெளியே வராமல் சிக்கி நிற்கும் பஞ்சுதான். மெசினால் வழித்தால் இரண்டும் போகும். தோல் வெயிலில் வேகும். சில நாய்களுக்கு மாதக்கணக்கில் மயிர் முளைக்காமல் திட்டுத்திட்டாகக் கிடக்கும்.

ஆகவே பஞ்சை எடுக்கவேண்டும். நாயைச் சரித்துப் படுக்கவைத்து, ஒரு கையால் மயிரை மேல்நோக்கி ஒதுக்கிப் பிடியுங்கள். தோல் ஒரு கோடாகத் தெரியவேண்டும். அந்தக் கோட்டுக்குக் கீழுள்ள மயிரை மட்டும் வாரி, பிறகு அரை அங்குலம் மேலே அடுத்த கோடு. பின்னங்காலில் தொடங்கி முதுகுவரை இப்படியே போகவேண்டும். மேலால் மட்டும் இழுத்தால் பார்வைக்கு மினுங்கும், அடியில் கம்பளியாகத் திரண்டிருக்கும். அகலப்பல் உலோகச் சீப்பு தோல்வரை தடக்காமல் ஓடினால்தான் வேலை முடிந்தது. கிழமைக்கு இரண்டு தரம், உதிரும் காலத்தில் தினமும்.

சிக்கு விழுவது காதுக்குப் பின்னால், கமக்கட்டில், தொடையின் பின்பக்கத்தில். கத்தரியை நேரே விடவேண்டாம், சிக்கோடு தோலும் இழுபட்டு வந்து அறுபடும். தோலுக்கும் சிக்குக்கும் நடுவே சீப்பைச் செருகி, சீப்புக்கு மேலால் வெட்டுங்கள். குளிப்பாட்டுமுன் சிக்கெடுத்துவிடவேண்டும், நனைந்து காய்ந்த சிக்கு இறுகிப்போகும். விரலிடுக்கில் நாயுருவி விதை ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். அந்தச் செடிக்குப் பெயர் வைத்தவர் சடைநாய் வளர்த்தவராகத்தான் இருக்கவேண்டும்.

மாரியில் தொல்லை வேறு. அடிமயிர் ஈரமாகவே நின்றால் ஒரே இரவில் உள்ளங்கையளவு நீர்ப்புண் வந்துவிடும், பின்னாலே இலையானும் புழுவும். புண்ணைச் சுற்றி மயிரை ஒட்ட வெட்டிக் காற்றாட விடுங்கள், மொட்டை தேவைப்படுவது அங்கேதான். மண்ணெண்ணெய் வேண்டாம், தோலும் எரியும், நக்கினால் உள்ளேயும் போகும்.

வெக்கையில் மூச்சு இரைத்துத் தள்ளாடினால் கிணற்றுத் தண்ணீரை வயிற்றிலும் தொடையிடுக்கிலும் தோல் நனைய ஊற்றி, விசிறிக்கொண்டே மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். ஈரச்சாக்கால் மூடினால் சூடு உள்ளேயே நிற்கும்.

அடுத்தது ஊசி. மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டினில் மில்லிலீட்டருக்கு 10 மில்லிகிராம் மருந்து. 50 கிலோ எடைக்கு 1 மில்லிலீட்டர் கணக்கு. அந்தக் கணக்கில் 25 கிலோ கொலிக்கு அரை மில்லிலீட்டர், அதாவது 5 மில்லிகிராம். இதயப்புழுவைத் தடுக்க நாய்க்குக் கொடுக்கும் அளவோ கிலோவுக்கு 6 மைக்ரோகிராம்தான். அதே நாய்க்கு மொத்தம் 0.15 மில்லிகிராம். இந்த ஊசியிலிருந்து அவ்வளவு சிறிய அளவைச் சிரிஞ்சில் அளந்தெடுக்கவே முடியாது.

கொலிக்கு இது ஏன் நஞ்சாகிறது என்பது 2001இல் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வில் தெளிவானது. மருந்து மூளைக்குள் புகாமல் வெளியே தள்ளும் புரதமொன்றை உண்டாக்கும் எம்.டி.ஆர்.1 மரபணு இந்த இனத்தில் பெரும்பாலானவற்றில் பழுதாக இருக்கிறது. கண்மணி விரியும், வாயூறும், கால் பின்னும், பார்வை போகும், பிறகு மயக்கம். முறிமருந்து கிடையாது. கொலிக் கலப்புக் குட்டிகளுக்கும் இது வரலாம். அல்சேஷனிலும் சிலவற்றுக்கு உண்டு. வயிற்றோட்டத்துக்கு மனிதர் போடும் லோபரமைட் மாத்திரையும் இவற்றுக்கு ஆகாது.

உண்ணிக்கு, நாய்க்கென்றே வரும் புளூரலானர் மாத்திரை இருக்கிறது. இந்த மரபணுப் பழுதுள்ள கொலிகளிலேயே சோதித்துப் பார்க்கப்பட்டது. அளவை எடை பார்த்து வைத்தியர் சொல்லட்டும்.

இன்னொன்று. மேய்ப்புக் குணம் வளவுக்குள் அடங்காது. ஓடும் பிள்ளையின் குதிக்காலைக் கவ்வும், பட்டி வெளிக்கிட்டால் பின்னாலேயே போகும், போகிற வழியில் சாணமும் தின்னும். ஊசி போட்ட மாட்டின் சாணத்தோடு ஐவர்மெக்டினும் வெளியேறும். ஆகவே பக்கத்துப் பட்டிக்கு ஊசி போட்டால் அதன்பிறகு சில வாரங்களுக்கு நாயை மேய்ச்சல் தரைக்கு விடாதீர்கள்.

கட்டுரையை வெட்டி வைத்திருக்கும் வாசகர்கள் இருப்பார்கள். ஊசி பற்றிய திருத்தத்தையாவது அடுத்த இதழில், அதே பக்கத்தில் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
மாங்குளம்.