பர்மா தேக்கு என்கிறீர்கள், சரி, மீதியையும் சொல்லுங்கள்

செட்டிநாட்டு வீடுகளை விடுதியாகவும் காட்சியகமாகவும் நடத்திவரும் ஐயாமார்களுக்கும் ஆச்சிமார்களுக்கும் காரைக்குடிக்காரன் ஒருவனின் வணக்கம்.

வெளியூர் உறவினர் வந்தால் உங்கள் வீடுகளுக்குத்தான் கூட்டிவருகிறேன். சுற்றிக் காட்டும் பிள்ளைகள் முகப்பில் ஆரம்பிக்கிறார்கள்: தூண் பர்மா தேக்கு, தரை இத்தாலிக் கல், கண்ணாடி பெல்ஜியம். வளவு தாண்டி இரண்டாம் கட்டுக்கு வந்ததும் பேச்சு சாப்பாட்டுக்குப் போய்விடுகிறது. அந்தத் தேக்கை வாங்கிய காசு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் "கொண்டுவிக்கப் போனாங்க சார்", அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போனார்கள், என்பதோடு சரி.

ஐராவதிக் கழிமுகத்தில் காடு திருத்தி நெல் போட்ட பர்மியக் குடியானவனுக்குக் கடன் கொடுத்தது நம்மூர்ச் செட்டியார்களின் பெட்டியடி, அதாவது வட்டிக்கடை. அந்தப் பணம் புழங்காமல் பர்மா உலகத்திலேயே அதிக அரிசி ஏற்றுமதி செய்யும் நாடாக ஆகியிருக்காது. அதைப் பெருமையாகவே சொல்லலாம். ஆனால் 1930ல் நெல் விலை விழுந்தது. கடன் திரும்பவில்லை, ஈடு வைத்த நிலம் கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் அந்த வருடம் 6 சதவீத நிலம்தான் செட்டியார்கள் வசம் இருந்தது. 1938க்குள் 25 சதவீதம். வட்டிக்கு விடுகிறவருக்கு வயல் வேண்டியதில்லை, பணம்தான் வேண்டும். வாங்க ஆளில்லாமல்தான் தங்கிப்போனது. நிலத்தைப் பறிகொடுத்தவனிடம் போய் இந்த நியாயத்தைச் சொல்ல முடியுமா?

கோபம் வந்தது. வந்த இடத்தில் வெடிக்கவில்லை என்பதுதான் கொடுமை. 1930 மே மாதம் ரங்கூன் கலவரத்தில் அடிபட்டுச் செத்தவர்கள் பெரும்பாலும் தெலுங்குத் துறைமுகக் கூலிகள். 1948ல் நிலத்தை தேசியமயமாக்கும் சட்டம் வந்தது. 1960களில் பர்மாவிலிருந்து கப்பலேறித் திரும்பியவர்களில் வட்டிக்கடை வாசலையே மிதிக்காத தமிழர்கள் எத்தனையோ பேர். அப்படித் திரும்பியவர்கள் குடியேறிய நம்மூர் பர்மா காலனிக்குப் போய்க் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

இன்றைக்கு நாம் புலம்புகிறோம். மிஷினில் அச்சடித்த டைல்ஸை ஆத்தங்குடி டிசைன் என்று விற்கிறார்கள். மிளகாய்த்தூளைக் கொட்டிய எந்தக் குழம்புக்கும் நம்மூர்ப் பெயர். கண்டாங்கிச் சேலைக்கு 2019ல் புவிசார் குறியீடு வாங்கியது இந்த ஆத்திரத்தில்தான். நியாயமான ஆத்திரம். இதே ஆத்திரம் பர்மாக்காரனுக்கு வந்தபோது அவன் எதிரே பேரேட்டை விரித்து உட்கார்ந்திருந்தது நாம்.

யாரும் மன்னிப்புக் கேட்க வேண்டாம். பட்டாலைக் கூடத்தில் ஒரு பலகை வையுங்கள், தமிழிலும் வையுங்கள்: கடன், விலைச்சரிவு, நிலம், திரும்பி வந்தவர்கள். கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் மரவைப் பாத்திரத்துக்கு "சீர் சாமான்" என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள்; பர்மியக் கைவினைஞர் அரக்குப் பூசிச் செய்தது என்றும் ஒரு வரி சேருங்கள். கவுனி அரிசி பரிமாறும்போது அதுவும் பர்மாவிலிருந்து வந்தது என்று சொல்லுங்கள், ருசி குறையாது. முக்கியமாக, பழைய பேரேடுகளைத் தேக்குச் சட்டங்களோடு சேர்த்து முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு அனுப்பாதீர்கள். எந்த ஊரில் யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்பது அதில்தான் இருக்கிறது.

பலகைக்கு வாசகம் எழுத ஆள் தேட வேண்டாம். பர்மா காலனிப் பெரியவர்களை ஒருநாள் வீட்டுக்குக் கூப்பிட்டு, பந்தியில் உட்காரவைத்துக் கேளுங்கள்.