வேலை வரட்டும் என்று காத்திருக்காதே

அன்புள்ள பாப்பாவுக்கு,

"புது வேலை அமையட்டும், அப்புறம் பிரசவத்துக்கு நல்ல ஆஸ்பத்திரியாகப் பார்த்துக்கொள்ளலாம்" என்று போனில் சொன்னாய். திருப்பூரில் ஆர்டர் வந்தால்தான் வேலை. அது எப்போது வரும் என்று முதலாளிக்கே தெரியாது. வேலை தள்ளிப்போகலாம், வயிறு தள்ளிப்போகுமா? அங்கன்வாடியில் இத்தனை காலம் கர்ப்பிணிப் பதிவேடு எழுதியவளின் மகள் பதிவு செய்யாமல் இருப்பது எனக்கே கேவலமாக இருக்கிறது.

இந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போ. ஆதார், வங்கிப் புத்தகம் இரண்டையும் எடுத்துக்கொள். இரண்டிலும் உன் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று முதலில் பார். இனிஷியல் மாறிப்போய்ப் பணம் வராமல் அலைந்த பெண்களை எனக்குத் தெரியும். நர்ஸம்மாவிடம் சொல்லி பிக்மி எண் (கர்ப்பத்தைப் பதிந்ததும் அரசு கொடுக்கும் எண்) வாங்கிவிடு. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் கிடைக்கும் 18,000 ரூபாய்க்கு (ரொக்கம் 14,000, மீதிக்குச் சத்துப் பெட்டகம்) 12 வாரத்துக்குள் பதிவு வேண்டும். நாளை குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண்ணைத்தான் கேட்பார்கள். திருப்பூரில் பதிந்துவிட்டு இங்கே மன்னார்குடியில் பிரசவம் பார்த்தாலும் அதே எண்தான்.

கம்பெனியில் கொடுத்த இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) கார்டைத் தூக்கிப் பரணில் போட்டுவிடாதே. வேலை நின்ற அன்றே எல்லாம் நின்றுவிடாது. முந்தைய இரண்டு சந்தாக் காலங்களில் (ஒரு காலம் என்பது ஆறு மாதம்) சேர்த்து 70 நாளுக்குச் சந்தா கட்டியிருந்தால் பிரசவத்துக்காக 26 வாரச் சம்பளப் பணம் கேட்க வழி இருக்கிறது. சம்பளச் சீட்டுகளை எடுத்துக்கொண்டு இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் நேரில் கேள். கம்பெனி சூப்பர்வைசர் வாயால் சொல்வதை நம்பி வீட்டில் உட்காராதே.

தனியார் மருத்துவமனையில் "பேக்கேஜ்" சொன்னார்களாமே, மாப்பிள்ளை வாடகை ஆட்டோ ஓட்டி அதை எப்படிக் கட்டுவார்? மாதாமாதம் 9ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் டாக்டரே கர்ப்பிணிகளைப் பார்க்கிறார், காசில்லாமல். கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விடு. எங்கே ஸ்கேன் எடுத்தாலும், எங்கே ரத்தம் பார்த்தாலும் சீட்டையெல்லாம் ஒரே பையில் வை. ஐந்தாவது மாத ஸ்கேனை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிடாதே.

இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பார்கள். நீ டீப் பைத்தியம் என்பதால் சொல்கிறேன்: டீ குடித்த கையோடு அதை விழுங்கினால் உடம்பில் ஒட்டாது. சுண்ணாம்புச் சத்து மாத்திரையையும் அதோடு சேர்க்காதே, அதை வேறு வேளைக்கு வைத்துக்கொள். இரும்பு மாத்திரை போட்ட பிறகு ஒரு நெல்லிக்காயோ கொய்யாத் துண்டோ கடித்துக்கொள். மலம் கறுப்பாகப் போகும், அதற்குப் பயப்பட வேண்டாம். ரத்தப்போக்கு, விடாத தலைவலி, கண் மங்கல், குழந்தை அசைவு குறைவது, இவற்றுக்குத்தான் பயப்பட வேண்டும். அப்போது மாப்பிள்ளை சவாரி முடித்து வரட்டும் என்று இருக்காமல் 108ஐ அழை.

ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் இங்கே வந்துவிடு. மன்னார்குடி ஆஸ்பத்திரி பக்கம்தான். பெரிய சிக்கல் என்றால் திருவாரூர் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு வர வேண்டாம். செம்மொழி எக்ஸ்பிரஸில் கீழ்ப்படுக்கை கேட்டு வாங்கச் சொல். டிக்கெட் பணம் நான் அனுப்புகிறேன், மாப்பிள்ளையிடம் அதற்காக வழக்காடாதே. பிக்மி எண் கிடைத்த அன்றே எனக்குப் போன் செய், என் நோட்டிலும் எழுதிவைத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அம்மா