துப்பாக்கி லாக் வேலை பற்றி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள அண்ணன்மார், தம்பிமார் எல்லாருக்கும் வணக்கம்.

நம் பீட்டர்மாரிட்ஸ்பர்க் கடையில் துடைத்துக் கொடுத்த மருந்துத் துப்பாக்கி (குழாய் வாய் வழியாகக் கருமருந்து இட்டுச் சுடும் பழைய வகை) ஒன்று, குதிரையை (விசையை இழுத்ததும் விழுந்து அடிக்கும் சுத்தியலை) பாதி ஏற்றி வைத்திருந்தபோதே வெடித்துவிட்டதாக வாட்ஸ்அப்பில் ஒரு குரல் செய்தி சுற்றுகிறது. டர்பனிலிருந்து என் மச்சானே எனக்கு அனுப்பி, "இது உங்க கடையா?" என்று கேட்டான். ஆமாம், நம் கடைதான். யாருக்கும் அடிபடவில்லை, முருகன் காப்பாற்றினான். ஆனால் பழியை அப்படியே ஏற்றுக்கொள்ள என்னால் முடியாது.

துப்பாக்கிக் கட்டையின் பக்கவாட்டில் பதித்திருக்கும், குதிரையை இயக்கும் பொறிதான் லாக். அதற்கு உள்ளே டம்ளர் என்று ஒரு துண்டு உண்டு (காப்பி டம்ளர் இல்லை). குதிரையோடு சேர்ந்து சுழல்வது அதுதான். அதில் இரண்டு வெட்டுகள். பாதி ஏற்றத்துக்கான வெட்டு ஆழமானது. சியரின் (விசை அசைக்கும் சிறு கொக்கியின்) மூக்கு அதற்குள் போய் மாட்டிக்கொண்டால், விசையை இழுத்தாலும் குதிரை விழக் கூடாது. அந்த மூக்கில் மேல்தோல் மட்டும்தான் கெட்டி இரும்பு. அரம் போட்டால் தோல் போய்விடும், உள்ளே இருக்கும் மெத்து இரும்பு சீக்கிரம் தேயும், அப்புறம் வெட்டில் சரியாக உட்காராது. இந்தத் துப்பாக்கியின் மூக்கில் குறுக்கே மூன்று கீறல். லென்ஸ் வைத்துப் பார்த்தால் குழந்தைக்கும் தெரியும். நாங்கள் அங்கே அரமே தொடுவதில்லை, எண்ணெய்க்கல் மட்டும்தான். விசை கனமாக இருக்கிறதென்று யாரோ வீட்டில் தேய்த்திருக்கிறார்கள். கனத்துக்குக் காரணமோ வெறும் அழுக்கு! மருந்துக் கரியும் பழைய எண்ணெயும் சேர்ந்து தார் மாதிரி ஒட்டியிருந்தது. துப்பாக்கியைத் திரும்ப வாங்க வந்தவரிடம் கீறலைப் பற்றி வாயால் சொன்னோம். சீட்டில் எழுதவில்லை, அது எங்கள் தப்பு. இனி எழுதுவோம்.

கருமருந்துக் கரி எண்ணெய்க்குக் கரையாது, தண்ணீருக்குக் கரையும். காற்றிலுள்ள ஈரத்தையும் இழுக்கும். டர்பன் கடற்காற்றில் ஒரு ராத்திரி விட்டால் காலையில் துரு தெரியும். அதனால் சுட்ட அன்றே சுத்தம் செய்யுங்கள். குதிரையைப் பாதி ஏற்றி, லாக்கைப் பிடித்திருக்கும் இரண்டு திருகுகளையும் சில சுற்று மட்டும் தளர்த்தி, திருகுத் தலையில் மெதுவாகத் தட்டினால் லாக் தானே மேலே வரும். ஓரத்தில் ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பாதீர்கள். எங்களிடம் வருகிற பழைய 'டவர்' முத்திரை (பிரிட்டிஷ் ராணுவ முத்திரை) போட்ட துப்பாக்கிகளில் லாக்கைச் சுற்றி மரம் பெயர்ந்திருப்பது பெரும்பாலும் அந்த நெம்பலால்தான். சோப்பும் சுடுதண்ணீரும், பழைய பல் பிரஷ், நன்றாக உலர்த்தல், டம்ளர் அச்சுக்கும் சியர் மூக்குக்கும் ஒவ்வொரு சொட்டு எண்ணெய். போதும். பெரிய ஸ்பிரிங்கை மட்டும் கிளாம்ப் இல்லாமல் கழற்ற வேண்டாம்.

ஸ்பிரிங் வேலை பார்த்த நம் அண்ணன், தன் மகளோடு கேப் டவுன் போய்விட்டார். ஆகவே அந்த வேலைக்கு இப்போது ஏழு வாரம் ஆகும். கட்டணமும் பிப்ரவரியிலிருந்து கொஞ்சம் ஏறுகிறது, பலகையில் போட்டிருக்கிறோம்.

அந்தச் செய்தியைக் கேட்ட பிறகும் போன சனிக்கிழமை பாட்டன் காலத்து ரூர் துப்பாக்கியை (போயர்கள் வேட்டைக்கு வைத்திருந்த கனமான மருந்துத் துப்பாக்கி) தோளில் சுமந்து வந்து, "நீங்களே பாருங்க, வேற யார்கிட்டயும் கொடுக்க மாட்டேன்" என்று சொன்ன ஐயாவுக்கும், சமோசாவோடு வந்து ஆறுதல் சொன்னவர்களுக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. உங்களை நம்பித்தான் கடை திறக்கிறோம்.

தைப்பூசக் காவடி அன்று கடை இல்லை.

இன்னொன்று. துப்பாக்கி கொண்டுவருமுன் குழாய்க்குள் கம்பி விட்டு, மருந்து இல்லை என்று பார்த்துவிட்டு வாருங்கள். போன மாதம் ஒன்று நிரம்பியே மேசைக்கு வந்தது.