ஏதாவது ஆவதற்கு முன்னால் வா

அன்புள்ள தம்பி,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னாயே, "லீவை மிச்சம் பிடிச்சு வச்சிருக்கேன்ப்பா, அப்பாயிக்கு ஏதாவது ஆச்சுன்னா உடனே வந்துடறேன்" என்று, அது இரண்டு நாளாக மனதிலேயே கிடக்கிறது. எல்லோரும் சுற்றி நின்றதால் சரி சரி என்று சொல்லிவிட்டேன். எனக்கு அது சரியாகப் படவில்லை. பேசினால் தொண்டை அடைத்துக்கொள்ளும், அதனால்தான் எழுதி அனுப்புகிறேன்.

வெள்ளிக்கிழமை காலை டயாலிசிஸுக்குக் கிளம்புகிற நேரத்தில் அப்பாயி சேலை மாற்ற மாட்டேன் என்று கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு வருஷமாக வாரத்துக்கு மூன்று தடவை, தடவைக்கு நாலு மணி நேரம் ஊசியோடு படுத்துக் கிடந்து, வீட்டுக்கு வந்தால் அன்று முழுக்கத் தலை தூக்க முடியாமல் கிடந்தவள். "போதும்டா, என்னைய வீட்டுலயே வச்சுக்க" என்றாள். நான் கெஞ்சினேன், பெரிய அத்தை போனில் அழுதாள், ஒன்றும் நடக்கவில்லை. டாக்டரிடம் போய்க் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. இந்த வயதில், இதயமும் இவ்வளவு பலவீனமாக இருக்கும்போது அது தப்பான முடிவு இல்லை, நிறுத்தினால் ஒரு வாரம், மிஞ்சினால் பத்துப் பன்னிரண்டு நாள், தூக்கம் கூடிக்கொண்டே போகும், மூச்சு வாங்கினால் மாத்திரை இருக்கிறது என்றார். அதைச் சொன்னபோது அப்பாயி, "அப்ப எல்லாரையும் இப்பவே வரச் சொல்லு. செத்தப்புறம் வந்து என்னத்தப் பாக்கப் போறாங்க" என்றாள்.

வந்தார்கள். திருப்பூரிலிருந்து பெரிய அத்தை குடும்பம், சென்னையிலிருந்து சித்தப்பா, சின்ன அத்தை, பேரன் பேத்திகள், எல்லாம் சேர்த்துப் பதினெட்டுப் பேர். கட்டிலைக் கூடத்துக்குத் தூக்கிப் போட்டோம். அம்மா கருவாட்டுக் குழம்பு வைத்தாள். இரண்டு வருஷமாக உப்பைக் கண்ணில் காட்டாமல் வைத்திருந்தோமே, விரலால் தொட்டு நாக்கில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். அத்தையின் பேத்திக்கு நாலு வயது, அப்பாயியின் இடது கையில் டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை இணைத்திருக்கிற இடத்தில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "பூட்டி கைக்குள்ள மோட்டார் ஓடுது" என்றாள். அதற்கப்புறம் பெரியவர்களும் ஒவ்வொருவராகக் குனிந்து காது வைத்துக் கேட்டோம். நானும் கேட்டேன். இத்தனை நாள் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய் வந்தவன், ஒரு நாளும் அதைக் கேட்டதில்லை.

அப்புறம் இளநீர் கேட்டாள். அதுவும் கிட்னிக்கு ஆகாது என்று இத்தனை நாள் நிறுத்தியிருந்தது. டாக்டர் இனி ஆசைப்பட்டதை இரண்டு வாய் கொடுங்கள் என்று சொல்லியிருந்தார். எந்த மரத்து இளநீர் தெரியுமா? 2018 நவம்பரில் கஜா புயல் நம் தோப்பைச் சாய்த்துவிட்டுப் போன பிறகு, தை மாதத்தில் நீயும் அவளும் கன்று வைத்தீர்களே, நீ மூணடிக்கு மூணடி குழி வெட்ட, அவள் பக்கத்தில் நின்று மணலும் உப்பும் போட, அந்த மேற்கு வரிசை மரம். கன்று வைத்த அந்த வருஷமே கடனை அடைக்க நீ சிங்கப்பூர் கிளம்பிவிட்டாய். அது காய்த்ததை நீ இன்னும் பார்க்கவில்லை. அவளும் இவ்வளவு நாள் வாயில் வைக்கவில்லை. ஸ்பூனில் இரண்டு வாய் குடித்துவிட்டு, "தம்பி வெட்டுன குழிடா இது" என்றாள். அப்போதுதான் உனக்கு வீடியோ கால் போட்டோம்.

அந்தக் கால் பாதியில் நின்றதே, நெட்வொர்க் போய்விட்டது என்று நீ அப்புறம் மெசேஜ் போட்டாய். நெட்வொர்க் இல்லை தம்பி. அப்பாயி உன் கன்னத்தைத் தொடுவதாக நினைத்துத் திரையைத் தடவினாள், விரல் பட்டு லைன் கட்டாகிவிட்டது. முகம் போனதும் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மறுபடி போட்டபோது நீ எடுக்கவில்லை, ஷிப்டுக்குப் போயிருப்பாய்.

உன் கம்பெனியில் இறப்புக்குத்தான் லீவு தருவார்கள் என்று சொன்னாய். புரிகிறது. ஆனால் ஒரு தடவைதான் வர முடியும் என்றால் இப்போது வா. காரியத்துக்கு நீ இல்லையே என்று ஊரில் நாலு பேர் கேட்பார்கள், அதற்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். நெய்ப்பந்தம் பிடிக்க மற்ற பேரன்கள் இருக்கிறார்கள். அத்தைகளிடமும் சித்தப்பாவிடமும் பேசிவிட்டேன், யாரும் உன்னை ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். பணத்தைப் பற்றி யோசிக்காதே, டிக்கெட்டுக்கு நான் அனுப்புகிறேன்.

இன்று செவ்வாய். நேற்று மத்தியானத்திலிருந்து அதிகம் தூங்குகிறாள், காலையில் ஆறிலிருந்து எட்டு மணி வரை மட்டும் தெளிவாகப் பேசுகிறாள், ஆளைத் தெரிகிறது. இன்று காலை, "தம்பி ஷிப்டு முடிஞ்சுதா" என்று கேட்டாள். நாளை ராத்திரி விமானம் கிடைத்தால் ஏறிவிடு. எந்த நேரமானாலும் திருச்சி ஏர்போர்ட்டில் நான் நிற்பேன், அங்கிருந்து பேராவூரணி இரண்டரை மணி நேரம், வியாழன் காலை அவள் விழித்திருக்கும்போதே வீட்டுக்கு வந்துவிடலாம். எதுவும் வாங்கிக்கொண்டு வராதே. டிக்கெட் போட்டதும் நேரத்தை மட்டும் அனுப்பு.

அப்பா