செயலாளரின் ஆண்டறிக்கை: கூட்டுப் படகு வாங்கியதும் அதன் நிலையும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு மாதந்தோறும் கூடியது. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

பந்தயத்துக்கும் குடும்பத்தோடு லங்காவித் தீவு வரை போய்வரவும் ஒரே படகு என்ற சென்ற ஆண்டுத் தீர்மானப்படி, பெனட்டோ ஃபர்ஸ்ட் 40.7 என்ற வகைப் பழைய பாய்மரப் படகு ஒன்று வாங்கப்பட்டது. 1990களின் இறுதியில் வெளிவந்த வகை. நீளம் ஏறத்தாழ 12 மீட்டர். படகு கவிழாமல் காக்க அடியில் போல்ட்டுகளால் பொருத்திய கனமான துடுப்பு போன்ற கீல், நீருக்குள் 2.4 மீட்டர் இறங்கும். கிள்ளான் பக்கத்துச் சேற்றுத் திட்டுகளில் இந்த 2.4தான் நமக்குக் கவலை.

2014 மே மாதம் ஆண்டிகுவாவிலிருந்து சவுத்தாம்ப்டன் திரும்பிய இதே வகைப் படகு 'சீக்கி ரஃபிக்கி', அட்லாண்டிக்கில் கீல் கழன்று கவிழ்ந்து நால்வர் மாண்டனர். முன்பு தரைதட்டியதும் அதற்குச் செய்த பழுதுபார்ப்பும் கீலின் பிடிப்பைத் தளர்த்தியிருக்கலாம் என்றது பிரிட்டிஷ் விசாரணை.

காரணம் எளிது. படகின் அடிக்கூட்டுக்கு விறைப்பு தரும் உட்சட்டகம் பசையால் ஒட்டப்பட்டது. கீலின் அடி மோதும்போது பின்முனை மேலே குத்தும், முன்முனை கீழே இழுக்கும். அந்த இடங்களில் ஒட்டு விடும். வெளியே கீறல்கூடத் தெரியாது.

ஆகவே விலை பேசுமுன் தளப்பலகைகளைக் கழற்றி, சட்டகத்தின் ஓரம் முழுதும் பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டிப் பார்க்கப்பட்டது. ஒட்டு நன்றாயிருந்தால் கணீரென்ற ஒலி. விட்டிருந்தால் மந்தமான ஒலி. கிரேனில் தொங்கும்போதும், கீல் தரையில் ஊன்றிய பின்னும் கீல் சேரும் கோட்டைப் பார்த்தோம்; தொங்கும்போது விரிந்தால் பிடிப்பில் கோளாறு. கீல் போல்ட்டின் வாஷரைச் சுற்றித் துருக்கறை இருந்தால் நீர் போல்ட்டுவழி ஏறுகிறது. நட்டை இறுக்கினால் மட்டும் தீராது. பின்முனையில் ஓரிடம் மந்தமாக ஒலித்தது. அதை அரைத்தெடுத்து, முற்றிலும் உலர்த்தி, எபாக்சிப் பசையும் கண்ணாடியிழையும் இட்டு மீண்டும் ஒட்டியாயிற்று. ஈரம் மிச்சமிருந்தால் எபாக்சி பிடிக்காது. நம் காற்றில் உலர்த்துவதற்கே நாள் பிடித்தது.

பாய்மரக் கம்பிகளின் வயதுக்குச் சான்றில்லாததால் எல்லாம் மாற்றப்பட்டன.

அடுக்கடுக்காக ஒட்டிச் செய்த லேமினேட் பாய்கள் பந்தயத்துக்கு மட்டும். ஈரத்தோடு மடித்தால் அடுக்குகளுக்குள் பூஞ்சை பிடிக்கும். குடும்பப் பயணத்துக்கு டேக்ரான் என்ற பாலியஸ்டர் நெசவுத் துணிப் பாய். நவம்பரில் நடக்கும் ராஜா மூடா பாய்மரப் படகுப் பந்தயத்துக்கு முன், எடை குறைய உபரி நங்கூரத்தையும் சமையல் சாமான்களையும் இறக்கிவிட வேண்டும்.

எவ்வளவு மெதுவாகத் தரைதட்டினாலும் நாள், வேகம், அடியில் சேறா பாறையா என்பதைப் பதிவேட்டில் எழுதுங்கள். எழுதியவரை யாரும் கடிந்துகொள்ள மாட்டோம். ஆழமானியின் எச்சரிக்கை மணி 4 மீட்டரில் வைக்கப்பட்டுள்ளது. அதை அணைக்க வேண்டாம்.

செயலாளர்